பெரட்டில் கொடுக்கவும்

கீழ் டிவிசன்,
பொகவந்தலாவை.
01.09.2024

அன்புள்ள உங்களுக்கு,

போன் வந்து சேர்ந்திருக்கும். உங்கள் சித்தப்பா மகன் சுகந்தனிடம்தான் கொடுத்தனுப்பினேன். ஒரு கீறல் இல்லை. சார்ஜரையும் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன். போன மாதம் பதினெட்டாம் தேதி நீங்கள் மூன்று தடவை எடுத்தபோது லைன் பிசியாக இருந்தது. அதற்கு ஒரு மணி நேரம் என்னை விசாரித்தீர்கள். பொலிஸ்காரன்கூட நடுவில் தண்ணீர் குடிக்க விடுவான். அதனால் இனிமேல் கடிதம்தான். இதில் லைன் பிசி என்ற பேச்சே வராது.

சண்டை போட எழுதவில்லை. ஓர் உதவி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலில் சிஸ்டர் மெரினா எங்களைப் போன்றவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். நானும் சேர்ந்துவிட்டேன். தடவைக்கு ஒரு வார்த்தை. "எந்த வார்த்தையில தொடங்கலாம்?" என்று சிஸ்டர் கேட்டார். நான்தான் "லைன்" என்றேன். அந்த வார்த்தை நம் பிழைப்பில் எங்கெங்கே வருகிறது என்று கொப்பி நிறைய எழுதி வர வேண்டும்.

நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்து வீடுகளை வரிசையாகக் கட்டி லைன் என்று பெயர் வைத்தான், நம் ஆட்கள் அதை லயம் ஆக்கிக் குடியிருக்கிறோம். காஸ் தட்டுப்பாடு வந்த வருஷம் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நீங்களும் நானும் கினிகத்தேனையில் நின்றது லைன். காற்றுக்கு மரம் விழுந்தால் அறுவது கரண்ட் லைன். பூரணி அக்கா, "பயலுக லைன் போடுறானுகளே, அதையும் எழுதுடி" என்றாள். சிஸ்டருக்குப் பயந்து அதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷ் பாஸானவர். இன்னும் நாலைந்து சொல்லுங்கள். மாமிக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

அனுஷ்கா

*

வத்தளை.
08.09.2024

அனுஷ்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். சந்தோஷத்தில் இல்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று நீ வாய் திறந்ததில்லை. நான் சொல்லித் தருகிறேன் என்றபோது கொட்டாவி விட்டவள் நீ. இப்போது நான் இல்லாத நேரத்தில் எங்கிருந்து வந்தது இந்த ஆசை? ஆயிரம் வார்த்தை இருக்க, நீயாகக் கேட்டு வாங்கியது ஏன் லைன்? அந்த வகுப்பில் ஆம்பிளைகளும் இருக்கிறார்களா? இருந்தால் யார் யார்?

இன்னொன்று. பூரணி விடிந்தால் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவள். அவள் வீடும் மேல் லயத்தில். அவளோடு உட்கார்ந்து பையன்கள் லைன் போடுவதைப் பற்றிப் பேச உனக்கு எங்கே நேரம் கிடைத்தது? நீ வீட்டில் இருக்கிறாய் என்றுதானே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுகந்தன் போனைத் தந்தபோது தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "அண்ணே, நா சொன்னேன்னு சொல்லாதீங்க. அண்ணிய பஜார்ல பாத்தேன். கந்தோர் கிளாக்கர் பிரதாப்கூட போட்டோ கொப்பிக் கடையில நின்னாங்க." சொல்லாதே என்றான், சொல்லிவிட்டேன். தோட்டத்து ஆபீஸில் பேனா பிடிக்கிற பிரதாப்புக்கும் உனக்கும் போட்டோ கொப்பி எடுக்க என்ன இருக்கிறது?

கேட்டதற்காக எழுதுகிறேன். கார்மெண்டில் தையல் மெஷின்கள் வரிசையாக நிற்பதை லைன் என்போம். ஒருத்தி கையைத் தைப்பாள், அடுத்தவள் கொலரைத் தைப்பாள், கடைசியில் சட்டையாக வரும். நான் ஒன்பதாம் லைனில் தையலைச் சரிபார்க்கும் செக்கர் என்று உனக்குத் தெரியும். இப்போது லைனில் தலைக்கு மேல் வேலை, அதனால்தான் வர முடியவில்லை. எழுதும்போது கையெழுத்துக் கோணாமல் இருக்கக் கொப்பியில் போட்டிருப்பதும் லைன். இங்கிலீஷில் எல்லை என்ற அர்த்தமும் உண்டு. அதை நீ தாண்டிவிடாதே என்று சிஸ்டரிடம் சொல்லி எழுதிக்கொள்.

றொக்சன்

*

கீழ் டிவிசன்,
பொகவந்தலாவை.
15.09.2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கையில் கிடைத்தது. பிரிக்க முதலே தெரிந்தது, உள்ளே கேள்விதான் இருக்கும் என்று.

வகுப்பில் ஆம்பிளைகள் இரண்டு பேர். ஒருவர் கோயில் மணி அடிக்கும் இராமையா தாத்தா. அவருக்கு ஒரு காது கேட்காது. மற்றவர் அவரைக் கூட்டி வரும் அவருடைய மச்சான். இரண்டு பேரையும் சேர்த்தால் வயது நூற்றி நாற்பது இருக்கும். நிம்மதியா?

பிரதாப்பிடம் ஒரு கந்தோர் வேலைக்காகப் போனேன். அடையாள அட்டை கொப்பி எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கும் தலவாக்கலை டீச்சர் ஒருத்திக்கும் கல்யாணம் பேசி முடித்தாயிற்று, கார்த்திகையில் தாலி. சுகந்தன் அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டான் பாருங்கள்.

நீங்கள் எழுதிய கார்மெண்ட் லைனைச் சிஸ்டர் மெச்சினார். அவர் புதிதாக ஒன்று சொல்லித் தந்தார். இங்கிலீஷ்காரர்கள் எனக்கு ஒரு லைன் போடு என்றால், சின்னதாக ஒரு கடிதம் எழுது என்று அர்த்தமாம். நம் ஊரில் எவனாவது அப்படிக் கேட்டால் செருப்புத்தான் பேசும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தாத்தா தனியாகச் சிரித்தார்.

இனி நான் கேட்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பம். கட்டம் கட்டமாக இருக்கிறது, அதில் பாதி நிரப்பி அடித்துவிட்டிருக்கிறது. பெயர் இருக்கும் இடத்தில் பிரியந்தி என்று தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பிரியந்தி யார்? அவளுடைய பாஸ்போர்ட் தாள் உங்கள் கையில் எப்படி வந்தது? இரண்டு பேருமாக எந்த நாட்டுக்கு?

தலைக்கு மேல் வேலை என்று எழுதியிருந்தீர்கள். இப்போதுதான் விளங்குகிறது.

அனுஷ்கா

*

வத்தளை.
19.09.2024

அனுஷ்கா,

அந்தத் தாள் கடையில் சாமான் சுற்றித் தந்தது. பிரியந்தி யாரென்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு இதோடு முடிந்தது.

நீ மாட்டிக்கொண்டாய். காலை ஏழு மணிக்குக் கடிதம் கையில் கிடைத்தது என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். நீ தலவாக்கலை டவுனில் வளர்ந்தவள். அங்கே தபால்காரன் வீட்டு வாசலில் மணி அடிப்பான். நான் அந்த லயத்தில் பிறந்தவன். தோட்டத்துக்கு வரும் கடிதம் எதுவும் நேரே வீட்டுக்கு வராது. முதலில் கந்தோருக்குப் போகும். மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு முன்னால் கூடி நிற்கும் பெரட்டில் கிளாக்கர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். வேலைக்குப் போகிற ஆள் இல்லாத வீட்டுக் கடிதம் கந்தோர் மேசையிலேயே கிடக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யாராவது போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

அம்மா வைகாசியோடு ஓய்வு பெற்றுவிட்டார். நம் வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போக யாரும் இல்லை. அப்படியிருக்க ஏழு மணிக்குக் கடிதம் உன் கைக்கு எப்படி வந்தது? கடிதம் நடந்து வராது. கந்தோர்க் கிளாக்கர்தான் கொண்டு வந்து தர வேண்டும். பெரட்டு நேரத்தில், அம்மா எழும்ப முதல், என் வீட்டு வாசலில் பிரதாப்புக்கு என்ன வேலை?

அடையாள அட்டை என்றாய். கல்யாணம் என்றாய். இப்போது எதை நம்புவது? லைன் பிசி ஆனது யாருக்கு என்று கேட்டேன், போனையே திருப்பி அனுப்பினாய். பூரணியை எங்கே பார்த்தாய் என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை. எனக்கும் கண் இருக்கிறது அனுஷ்கா. ஒவ்வொரு நாளும் வேலை நேரத்திலும் இதையே நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையை எழுது. இல்லையென்றால் அம்மாவை வந்து கூட்டிப் போகிறேன். நீ உன் அப்பா வீட்டுக்குப் போகலாம்.

றொக்சன்

*

கீழ் டிவிசன்,
பொகவந்தலாவை.
29.09.2024

உங்களுக்கு,

உங்கள் கடிதம் இருபத்தி நாலாம் தேதி காலை ஏழு மணிக்குத்தான் கிடைத்தது. கொடுத்தது பிரதாப்தான். ஆனால் வீட்டு வாசலில் இல்லை. பெரட்டில், நூற்றிச் சொச்சம் பேருக்கு முன்னால். ஏனென்றால் நானும் அங்கே நிற்கிறேன். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையோடு.

போன மாதம் பத்தொன்பதாம் தேதியிலிருந்து நான் கொழுந்து எடுக்கப் போகிறேன்.

போன மாதம் பதினேழாம் தேதி கந்தோரிலிருந்து ஒரு தாள் வந்தது. முழுக்க இங்கிலீஷ். மாமி கையெழுத்துப் போட்டு வாங்கி என்னிடம் தந்தார். மேலே இருந்து கீழே வரை பார்த்தேன். எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, லைன். மறுநாள் ஞாயிறு, கந்தோர் பூட்டு. சிஸ்டர் ஹட்டனுக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் போன் எடுத்து, அந்தத் தாளில் இருந்த எழுத்துகளை முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டே வந்தார். அப்போதுதான் உங்களுக்கு மூன்று தடவையும் லைன் பிசி.

எல்லாவற்றையும் எழுதிவிட்டுச் சிஸ்டர் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "மகள், ஒங்க வீட்டுல தோட்டத்துல வேல செய்றவங்க யாரும் இல்லையாம். மூணு மாசத்துல நீங்க குடியிருக்கிற லைன் காம்பராவ ஒப்படைக்கணும்னு போட்டிருக்காங்க." மாமி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். தட்டுவதை நிறுத்தவில்லை. "நா பொறந்ததும் இங்கதான், ஒம் புருசனப் பெத்ததும் இங்கதான். ஐம்பது வருசம் மலையில நின்னுருக்கேன், காம்பரா எனக்கில்லையாமா?" என்று கேட்டார். அந்த ரொட்டியை அன்று யாரும் சாப்பிடவில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து கந்தோரில் கத்தியிருப்பீர்கள். காம்பராவும் போயிருக்கும், உங்கள் வேலையும் போயிருக்கும். அதோடு கல்யாணத்தன்று நீங்கள் செய்த சத்தியம் வேறு. "எங்கம்மா தலையில கொழுந்துக் கூடக் கயிறு போட்ட பள்ளத்தப் பாத்தே வளந்தவன் நா. ஒந் தலையில அது விழாது" என்று என் அப்பாவுக்கு முன்னால் சொன்னீர்கள். அந்தச் சத்தியத்தை உடைத்தவள் நான். அது மட்டும்தான் நான் செய்த கள்ளம். பிரதாப்போடு கொப்பி எடுத்தது என் பேரைப் பதிவதற்கு. அன்று அவர் எனக்குச் செய்த உதவிக்கு நீங்கள் போட்ட பெயரை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

முதல் வாரம் என்னை எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். மலையில் ஆளுக்கு ஒரு நிரை, செடி வரிசை. நான் ஒரு நிரையில் பாதி போக, மற்றவர்கள் முடித்து அடுத்ததில் நிற்பார்கள். பூரணி அக்காதான் என் பக்கத்து நிரை. தன்னுடையதை முடித்துவிட்டு எதிர்ப் பக்கமிருந்து என் நிரையில் எடுத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பாள். "ஏ டவுன் புள்ள, கண்ணத் தொடச்சிக்கிட்டு ரெண்டு எலையும் ஒரு மொட்டுமாக் கிள்ளு. அழுதா கூடயில எட ஏறாது" என்பாள். அவளோடு பேசுவது அங்கேதான். இப்போது முக்கால் நிரை வரைக்கும் நானே எடுக்கிறேன். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைக்கவும் பழகிவிட்டேன்.

போன வாரம் கந்தோரில் காம்பராவை ஒப்படைக்கச் சொன்ன பழைய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுப் பதிவில் சிசிலி என்ற மாமியின் பெயருக்குக் கீழே இப்போது அனுஷ்கா என்று இருக்கிறது. பிரதாப் வாசித்துக் காட்ட வந்தார். வேண்டாம் என்று சொல்லி நானே வாசித்தேன். லைன் என்ற வார்த்தையை இந்த முறை பயமில்லாமல் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். இனி என் முறை. போன கடிதத்தையும் திருப்பிப் பார்த்தேன். அதுவும் பாஸ்போர்ட் விண்ணப்பம்தான். எந்தக் கடைக்காரன் இத்தனை பாஸ்போர்ட் தாளில் பருப்புச் சுற்றுகிறான்? என்னை அப்பா வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். நான் எங்கும் போக மாட்டேன். காம்பரா என் பேரில். அதில் உங்களுக்கு இடம் உண்டா இல்லையா என்று நான் முடிவெடுக்க முதல், பிரியந்தி யார் என்று எழுதுங்கள்.

அனுஷ்கா

*

வத்தளை.
08.10.2024

அன்புள்ள அனுஷ்கா,

கடை வீதியில் கொப்பி வாங்கி, நல்ல தாளில் எழுதுகிறேன். திருப்பிப் பார்க்கலாம். பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

பிரியந்தி குருநாகல் பக்கத்துப் பெண். இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகப் பார்த்தவள். அவளுக்காக நான் பாஸ்போர்ட் கந்தோருக்கு வெளியே லைனில் நின்றேன். அதுதான் இப்போது என் வேலை. விடியப் போய் இடம் பிடித்து நிற்பேன். ஆள் பஸ்ஸில் வந்து இறங்கியதும் என் இடத்தைக் கொடுத்துவிட்டு விலகிவிடுவேன். வாசலில் பிழையாக நிரப்பிக் கிழிக்காமல் வீசுகிற தாள்கள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கித்தான் உனக்கு எழுதினேன்.

ஒன்பதாம் லைனை ஆடி மாதமே மூடிவிட்டார்கள். ஓடர் இல்லை என்றார்கள். நாற்பத்தி மூன்று பேர் வெளியே வந்தோம். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. செக்கர் பெண்டாட்டி என்று உன்னைச் சொல்வார்கள் என்று நீ சிரித்துக்கொண்டு சொல்வாயே, அந்தச் சிரிப்பு போய்விடும் என்று பயந்தேன். ஒவ்வொரு நாளும் பொய் சொன்னேன். பொய் சொல்கிறவனுக்கு எதிரில் இருப்பவர் பேசுவதெல்லாம் பொய்யாகத்தான் கேட்கிறது. நான் உன்னைச் சந்தேகப்பட்டதற்கு நீ எந்தக் காரணமும் தரவில்லை. காரணம் என்னிடம் இருந்தது. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். பிரதாப்பிடம் நேரில் வந்து கேட்பேன்.

உன் கடிதத்தைப் பாஸ்போர்ட் லைனில் நின்றுகொண்டுதான் வாசித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போனில் சொன்னேன் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சாதாரண தரத்தில் இங்கிலீஷ் பாஸானவன் நான். அந்தத் தாளை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. உன் போன் பிசியாக இருந்தபோது நான் என்ன கேட்டேன் என்று யோசித்தேன். யாரோடு பேசினாய் என்று கேட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பின்னால் நின்றவர், "மல்லி, யன்ன யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லி முதுகைத் தள்ளினார். முன்னால் லைன் நகர்ந்து போயிருந்தது. நான் அழுதுகொண்டிருந்ததை அவர் பார்த்தாரோ தெரியாது.

கூடைக் கயிற்றைப் பற்றிச் செய்த சத்தியத்தை நினைத்துக் கவலைப்படாதே. உன் தலையில் கயிறு விழக் கூடாது என்று சொன்னவன், அம்மா தலையில் ஐம்பது வருஷமாக விழுந்த கயிற்றில்தான் என் கூரை தொங்கிக்கொண்டிருந்தது என்று யோசிக்கவே இல்லை. அம்மா ஓய்வு பெற்ற நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவன் என்று உனக்குப் பெரிதாகப் பாடம் எடுத்தேன். பெரட்டு ஏழு மணிக்கு என்று தெரிந்தவனுக்கு, பெரட்டில் நீ நிற்கலாம் என்று தோன்றவில்லை.

கினிகத்தேனையில் ஜெயகாந்தன் அண்ணன் தையல் கடை போட்டிருக்கிறார், மெஷின் ஓட்ட ஆள் வேண்டும் என்று போன மாதமே கேட்டார். பெரிய கார்மெண்டில் செக்கராக இருந்தவன் என்ற மிதப்பில் பதில் சொல்லாமல் விட்டேன். நேற்றுப் போன் எடுத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். தினம் போய் வரலாம். ஆனால் எங்கிருந்து போய் வருவது என்று நீதான் சொல்ல வேண்டும். காம்பரா உன்னுடையது. எனக்கு இடம் உண்டா? நீ வா என்று எழுதும்வரை வர மாட்டேன். அது என்னை வாட்டுகிறது, ஆனாலும் வர மாட்டேன்.

சிஸ்டருக்கு வேண்டுமென்றால் ஒன்று எழுதிக்கொடு. இத்தனை மாதம் நின்ற லைன் எதுவும் எனக்காக இல்லை. எனக்காக நிற்க ஆசைப்படுவது உன் வாசலில் மட்டும்தான். எவ்வளவு நேரமானாலும் என் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இதுவரை உறையில் "திருமதி றொக்சன், சிசிலி அம்மா வீடு" என்றுதான் எழுதினேன். இந்த முறை எழுதியதைப் பெரட்டில் பிரதாப் சத்தமாக வாசித்திருப்பார்: "அனுஷ்கா, கொழுந்து எடுப்பவர், கீழ் டிவிசன். பெரட்டில் கொடுக்கவும்." அத்தனை பேருக்கு முன்னால் நீ நடந்து வந்து வாங்கியிருப்பாய். அதைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்றுதான் இப்போது எனக்கு வருத்தம்.

உன்
றொக்சன்